கொடுக்காப்புளி இதழும் என் மகள் மேல் விழுந்த திருட்டுப் பழியும்

அனுப்புநர்:
மு. சுகுணா,
க/பெ. முனிராஜ்,
நரியன்கொட்டாய்,
கம்பைநல்லூர் வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் (தொடக்கக் கல்வி),
தருமபுரி.

பொருள்: சிறுவர் வாசிப்பு இதழைப் பிள்ளைகளுக்குத் தராமல் பூட்டி வைப்பது – தான் எழுதியது அச்சான இதழை எடுத்த இரண்டாம் வகுப்பு மாணவி மீது திருட்டுப் பழி – வரும் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் மகள் கலைமதி எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். மனு எழுதி எனக்குப் பழக்கமில்லை. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். கோபம் இல்லை என்று மட்டும் பொய் சொல்ல மாட்டேன்.

1. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சொந்தமாக எழுதவும் 'கொடுக்காப்புளி' என்ற மாத இதழ் எங்கள் பள்ளிக்கு வருகிறது. பெரிய எழுத்தில் பாட்டு, கதை இருக்கும். கடைசிப் பக்கம் பிள்ளைகளே எழுதி அனுப்புவதற்கு. போன வருடம் இங்கிருந்த நிர்மலாதேவி டீச்சர், வகுப்பில் கயிறு கட்டி, துணிக் கிளிப் மாட்டி இதழ்களைத் தொங்கவிட்டிருந்தார். வேண்டிய பிள்ளை எடுத்துக்கொள்ளும், வீட்டுக்கும் கொண்டுபோகும். என் மகள் அதில்தான் படிக்கக் கற்றாள். சாயங்காலம் போனில் அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்த அலுப்பிலும், "அப்புறம் அந்த நரி என்னாச்சு சாமி?" என்று கேட்பார்.

2. மாறுதலில் போவதற்கு முன் டீச்சர், என் மகள் எழுதிய நாலு வரியை இதழுக்கு அனுப்பி வைத்தார். அந்த நாலு வரி இது: "எங்கள் அப்பா பெங்களூரில் பெரிய பெரிய மாடி கட்டுகிறார். எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை. ஏணி இருக்கிறது. நான் ஏணியில் ஏறி அப்பா வருகிறாரா என்று பார்ப்பேன்."

3. டீச்சர் போன பிறகு இதழ்கள் பீரோவுக்குள் போய்விட்டன. தலைமை ஆசிரியர் அருள்குமார் அவர்களைக் கேட்டேன். "பசங்க கையில குடுத்தா கிழிச்சுருவாங்கம்மா. ஆபீசருங்க வந்து கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். கிழிந்த இதழுக்காக முன்பு ஒரு முறை திட்டு வாங்கினாராம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, பயந்தவர். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் இதழ்கள் வெளியே வரும். ஆளுக்கு ஒன்று கையில் தருவார்கள். ஜீப் கிளம்பியதும் திரும்ப வாங்கி, அடுக்கி, பூட்டிவிடுவார்கள். வைக்கோல் போரை வைத்து ஒரு பழமொழி உண்டு. மனுவில் எழுதினால் மரியாதை இல்லை என்று விட்டுவிடுகிறேன். தங்களுக்குத் தெரியாததும் இல்லை.

4. சென்ற மாதம் பொம்மிடியில் இருக்கும் என் நாத்தனார் ராணியம்மாள் போன் செய்து, "நம்ம கலை எழுதுனது புக்குல வந்துருக்குதுங்க, பேரெல்லாம் போட்டுருக்காங்க" என்றார். அவருடைய பிள்ளைக்கு அங்கே பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நடை போய் வாங்கி வருகிறேன் என்றேன். கலைமதிதான் வேண்டாம் என்றாள். "நம்ம பள்ளிக்கூடத்துக்கும் வந்துருக்கும்ல, எங்க சார் குடுப்பாரு" என்றாள். அவரைத் தினமும் கேட்டிருக்கிறாள். "அப்புறம் பார்க்கலாம், போய் உக்காரு" என்பதுதான் பதில்.

5. நேற்று முன்தினம், புதன்கிழமை, தாங்களும் மற்ற அலுவலர்களும் பள்ளியைப் பார்வையிட வந்தீர்கள். இதழ்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. அட்டை தெரியும்படி நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, தங்கள் போனில் படம் எடுத்ததாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். தாங்கள் போனதும் எண்ணிப் பார்த்ததில் ஒரு இதழ் குறைந்தது. எல்லாருடைய பைகளையும் கொட்டியிருக்கிறார்கள். என் மகள் பையில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் அது இருந்தது. கேட்காமல் எடுத்தது தப்புதான், இல்லை என்று வாதாட வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு மறுநாள் வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

6. என்னை வரச் சொன்னார்கள். "ரெண்டாங்கிளாசுலயே திருட்டுப் பழக்கமா?" என்று தலைமை ஆசிரியர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கேட்டார். கடைசிப் பக்கத்தை ஒரே ஒரு முறை புரட்டிப் பாருங்கள் சார் என்று கெஞ்சினேன். "எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா, எண்ணிக்கை குறைஞ்சுதா இல்லையா?" என்று கட்டோடு வைத்துப் பூட்டினார். பிறகு அவளையே ஒரு தாளில் எழுத வைத்தார்: "நான் புத்தகம் திருடினேன். இனிமேல் திருட மாட்டேன்." திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதை அவள் படிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அந்த வரியைத் தடங்கல் இல்லாமல் படிக்கும் அளவுக்கு என் பிள்ளைக்கு வாசிப்பு வந்திருக்கிறது.

7. அன்றிலிருந்து அவள் பென்சிலைத் தொடவில்லை. போன் அடித்தால் வெளியே போய்விடுகிறாள். நடந்தது எதுவும் தெரியாமல் அவள் அப்பா, "புக்கு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஐயா, திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் இதை நிறுத்திக் கொடுக்க வேண்டும். அவளை எழுத வைத்த அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும். பீரோவைத் திறந்து இதழ்களைப் பழையபடி கயிற்றில் தொங்கவிட உத்தரவிட வேண்டும். படித்துக் கிழிந்தால் யாரையும் கேள்வி கேட்க மாட்டோம் என்று தாங்கள் எழுத்தில் ஒரு வார்த்தை தந்தால் தலைமை ஆசிரியரின் பயமும் தீரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பூட்டி வைத்த ஏடு படிப்புக்கே உதவவில்லை.

இந்த மனுவின் கீழே கலைமதியையும் பெயர் எழுதச் சொன்னேன். "எழுதுனா இதையும் எல்லாரு முன்னாடியும் படிக்கச் சொல்லுவாங்களாம்மா?" என்று கேட்டாள். நான் வற்புறுத்தவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இடம்: நரியன்கொட்டாய்
நாள்: 21.11.2025

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
மு. சுகுணா

(மு. கலைமதி) ........................

இணைப்பு: ஏதும் இல்லை. சான்றாக வைக்க வேண்டிய பக்கம் பள்ளி பீரோவில் இருக்கிறது. புதன்கிழமை எடுத்த படம் தங்கள் போனில் இருக்கிறது. அதில் எல்லாப் பிள்ளைகளும் அட்டையைக் காட்டி நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் குனிந்து, இதழை விரித்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். அவள்தான் என் மகள்.