தோலோடு வெட்டிய கிழங்கு

ஜூன் 5, புதன்

அலுவலகத்தில் கூட்டம் முடியப் பிந்திவிட்டது. பஸ்ஸால் இறங்கும்போது நன்றாக இருட்டு. இனி மாக் குழைத்துப் புட்டு அவிக்க யாரால் முடியும்? சந்தியில் பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். குளிர்ப்பெட்டியில் அரைத்த கோழியிறைச்சி கிடந்தது. வெங்காயமும் கறித்தூளும் ரஸ்க் தூளும் போட்டுப் பிசைந்து, வட்டமாகத் தட்டித் தாச்சியில் பொரித்து, பிளந்த பணிஸுக்குள் வைத்தேன். உருளைக்கிழங்கைத் தோல் சீவி விரல் விரலாக வெட்டிப் பொரித்தேன். பாதி கருகல். பர்கராம், சிப்ஸாம்.

சுவர்ணா இரண்டு பர்கர் சாப்பிட்டாள்!

இவரின் மூத்த தாரத்து மகள். பன்னிரண்டு வயது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம்; என் சமையலில் இரண்டு வாய் வைப்பாள், பிறகு வயிறு நிரம்பியவள் மாதிரி “காணும்” என்று எழும்பிவிடுவாள். என்னை அம்மா, சித்தி என்று எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு, “தூள் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள். குறைதான். ஆனால் இவ்வளவு காலத்தில் அவள் என்னோடு கதைத்த ஆக நீளமான வசனம் இதுதான்.

ஜூன் 12, புதன்

திரும்பவும் பர்கர். தூளைக் குறைத்தேன். தகப்பனின் தட்டிலிருந்து சிப்ஸ் களவெடுத்தாள். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஜூன் 26, புதன்

குசினிக்குள் வந்து, கேளாமலே தக்காளிப்பழம் வெட்டித் தந்தாள். “உங்கடை பர்கர் கட்லட் மாதிரி இருக்கு” என்றாள்.

உங்கடை! இந்த வீட்டில் எனக்கென்றும் ஒன்று இருக்கிறது.

ஜூலை 13, சனி

சுகிர்தாவின் திவசம். சுவர்ணாவைப் பெற்றவள். அவளுடைய இடத்துக்கு வந்த நானே அவளுக்குச் சமைத்துப் படைத்தேன்.

அவளின் தமக்கை தயாளினி அக்கா காங்கேசன்துறையிலிருந்து வந்து தேங்காய் துருவித் தந்தார். வாய் சும்மா இராமல், பர்கர் என்றால் பிள்ளை சாப்பிடுகிறாள் என்று அவரிடம் சொன்னேன். துருவுவதை நிறுத்திவிட்டார்.

“சுகிர்தாவும் உதுதான் செய்யிறவள். வேலையாலை களைச்சு வந்தால் பர்கர்தான். கிழங்கைத் தோலோடை வெட்டிப் பொரிப்பாள். பிள்ளைக்கு அதெண்டால் உயிர்.”

விளக்கேற்றும்போது படத்திலிருந்த முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பொறாமை இல்லை. இல்லை, பொறாமைதான்.

ஜூலை 17, புதன்

தோலோடு வெட்டினேன்.

பிள்ளை சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை, கடவுளாணை. கிழங்கை மண் போக உரஞ்சிக் கழுவி, கருகாமல் பார்த்துப் பார்த்துப் பொரித்தேன். சுவர்ணா தட்டைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, தோலை விரலால் தடவினாள்.

“உது அம்மான்ரை” என்றாள்.

தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். கத்தவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை — அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. நான் என்னத்தைச் செய்தனான்? கிழங்கு பொரிச்சன், அவ்வளவுதானே. என்ரை கட்லட் பர்கரைத்தானே அந்தப் பிள்ளை நிம்மதியாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏன் போய்த் தாயின்ரையிலை கை வைச்சன்?

ஜூலை 18, வியாழன்

தோல் சீவி, பழையபடி செய்தேன். இரண்டு வாய். “காணும்.”

ஜூலை 31, புதன்

பர்கரும் இல்லை, சிப்ஸும் இல்லை. பாணும் சம்பலும். அவள் தின்றது ஒரு துண்டுப் பாண்.

“சின்னப் பிள்ளை, போகப் போகச் சரிவரும்” என்கிறார் இவர். ஆண்களுக்கு எல்லாம் போகப் போகச் சரிவரும்.

ஆகஸ்ட் 17, சனி

பள்ளிக்கூட லீவு. காங்கேசன்துறைக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போகப் போகிறாளாம், ஒரு கிழமைக்கு. உடுப்புகளை நான் மடித்துக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடச் சப்பாத்தையும் காலுறையையும் எடுத்துப் பையில் வைத்தாள். லீவுக்குச் சப்பாத்து எதற்கென்று நான் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது “போட்டு வாறன்” என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது. நான் “ஓம்” என்றேன்.

செப்ரெம்பர் 4, புதன்

சுவர்ணாவைக் காங்கேசன்துறைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியாயிற்று. இவர் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

பொழுதுபடத் தயாளினி அக்கா அங்கிருந்து ஃபோன் எடுத்தார்.

“நீ ஒண்டுக்கும் யோசியாதை, உதயா. அவள் இஞ்சை எல்லாம் சாப்பிடுறாள். கீரை, புட்டு, மீன்தலை, ஒண்டும் மிச்சமில்லை. நேற்றும் ரெண்டாந்தரம் சோறு கேட்டவள்.”

“நல்லது அக்கா.”

நல்லதுதானே. பிள்ளை வயிறாறச் சாப்பிட வேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைத்தவளே நான். பிறகேன் அது எனக்குக் கசக்க வேண்டும்?

“இப்பவும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கூப்பிடட்டோ?”

“வேண்டாம் அக்கா” என்றேன். “சாப்பிடட்டும்.”