குக்கர் விசிலும் காக்கி சாக்ஸும்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். கீழே மாவு மில், மேலே தகர ஷீட், நடுவில் விளையாட்டு மூலமாகக் குழந்தைகளின் பயம் போக்கும் என் அறை. ஃபேன் மறுபடியும் ரிப்பேர். வாங்க வேண்டியது: களிமண், ஃபெவிகால், தண்ணீர் கேன்.

புதுக் குழந்தை. தர்ஷினி (இனி த.), ஐந்து வயது, மேனாம்பேடு. அம்மா சுமதி. அப்பா பாபு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு வண்டி ஓட்டுகிறார். குக்கர் விசில் வந்தால் த. தெருவுக்கே கேட்கும்படி அலறுவாள். ஸ்கூல் பெல்லுக்கும் அதே அலறல். இவளைப் பார்த்து எல்.கே.ஜி. மொத்தமும் சேர்ந்து அலறுமாம். ஹெச்.எம். சொல்லிவிட்டார்: ஸ்கூல் திறக்கும் அன்று பார்ப்போம், பழையபடி என்றால் இந்த வருஷம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பாபு: "குக்கர தூக்கி பரண்ல போட்டாச்சு மேடம். சட்டில வெச்சா பருப்பு வேவவே மாட்டேங்குது. நான் இன்னா பண்றது, பொண்ண பாக்கறதா, பருப்ப பாக்கறதா?"

பேச்சின் நடுவில் மில் ஓட ஆரம்பித்தது. அறையே அதிர்ந்தது. த. சட்டையே செய்யாமல் கார் பொம்மை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆக, சத்தம் அல்ல பிரச்சினை. சத்தத்துக்குப் பிறகு என்னவோ வரும் என்று நினைக்கிறாள். அது என்ன?

மே 14, புதன்

களிமண்ணில் ஆளுக்கொரு குக்கர். என்னுடையது செருப்பு மாதிரி இருக்கிறதாம். இருக்கத்தான் செய்தது.

"விசில் வந்தா என்ன ஆகும்?"

களிமண் மூடியைக் கூரைக்கு எறிந்தாள். "டமால்! பருப்பு மேல. அம்மா செத்துப்பூடும்."

சுமதியைக் கேட்டேன். ஒரு நாள் சேஃப்டி வால்வ் பிய்த்துக்கொண்டு பருப்பு சீலிங்கில் அப்பிவிட்டதாம். "யாருக்கும் ஒண்ணும் ஆவல மேடம். தொடைக்கறதுக்குள்ளதான் பேஜாரா பூட்ச்சி."

குழந்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் பருப்பைத் துடைத்திருக்கிறார்கள். ஸ்கூல் பெல்லும் அவளுக்கு விசில்தான், அடுத்தது டமால். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அப்புறம் தோசை. நேற்றைய மாவு, புளிப்பு.

மே 17, சனி

பயத்துக்கு ஒரு கைப்பொம்மை செய்தோம். பாபுவின் காக்கி சாக்ஸ் (துவைத்தது என்றார், மூக்கு நம்பவில்லை), பட்டன் கண், சிவப்புத் துணி நாக்கு. த. வைத்த பெயர் உஸ்ஸு.

விளையாட்டு இதுதான். உஸ்ஸு புளுகும், த. மடக்க வேண்டும்.

"விசில் வந்தா குக்கர் வெடிச்சிடும்!" என்றது உஸ்ஸு, என் கையில் இருந்து, என் கேவலமான கரகரக் குரலில்.

"பொய்! பக்கத்து ஊட்ல டெய்லி விசில் வருது. அந்த ஆன்ட்டி இன்னும் கீது."

சபாஷ். சாட்சியோடு பேசுகிறது குழந்தை. கூடவே உஸ்ஸுவுக்கு ஒரு அடி. வலித்தது எனக்கு.

அடுத்து படிப்படியாக: குக்கர் படம், காலி குக்கர், நான் வாயால் விசில் (எனக்கு வராது, வெறும் காற்று, விழுந்து விழுந்து சிரித்தாள்), கடைசியில் செல்போனில் நிஜ விசில், மெதுவாக. மேஜைக்கு அடியில் போய்விட்டாள். போகட்டும். அவசரம் என் குணம், அவளுடையது அல்ல.

உஸ்ஸுவை வீட்டுக்கு அனுப்பினேன். சுமதியிடம் சொன்னது: "பயத்தை எல்லாம் இந்தப் பொம்மைக்குள்ள எறக்கியாச்சும்மா. தினமும் கிச்சன் பக்கத்துல உட்கார்ந்து அது கூட சண்டை போடட்டும்." தெளிவாகத்தான் சொன்னேன்.

மே 21, புதன்

வரவில்லை. சுமதிக்குப் போன் செய்தேன்.

"பொம்மையா மேடம்? அத மேல மாட்டியாச்சே. மாடி கட்டிகினு கீறோம்ல, அங்க."

"எதுக்கும்மா?"

"பயத்த அதுக்குள்ள எறக்கியாச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. அத போயி யாராச்சும் ஊட்டுக்குள்ள வெச்சிப்பாங்களா?"

தலையில் அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் லெக்சர் தயார். படித்துப் படித்துச் சொன்னேனே!

அரைகுறையாக எழும்பிய மாடி. சவுக்குக் கம்பில் திருஷ்டிப் பூசணிக்காய். அதன் பக்கத்தில் என் உஸ்ஸு. நெற்றியில் குங்குமம், கழுத்தில் எலுமிச்சம்பழம், மிளகாய். பாபுவுக்கு ஒரே பெருமை: "சூப்பரா பயமா கீது இல்ல மேடம்? மேஸ்திரியே சொன்னாரு."

வாயைத் திறந்தேன். த. கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், உஸ்ஸு வேலைக்கிப் போவுது. நம்ம ஊட்டு மேல கண்ணு வெக்கிறவங்கள பயமுறுத்துற வேலை. எங்கிட்ட வர்றதுக்கு அதுக்கு டைமே இல்ல."



சரியாக அப்போது பக்கத்து வீட்டில் குக்கர். உஸ்ஸ்ஸ்! த. காதைப் பொத்தினாள். உடம்பு விறைத்தது. சுமதி தூக்க ஓடினாள், நான் தடுத்தேன். பாவி, உள்ளுக்குள் எனக்கே ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. த. அண்ணாந்து சவுக்குக் கம்பைப் பார்த்தாள்.

"ஏய் உஸ்ஸு! உன் வேலைய பாரு!"

அலறல் இல்லை. ஒரு கை காதிலிருந்து இறங்கியது. பிறகு இன்னொன்று.

பாபு, கிசுகிசுப்பாக: "மேடம், குக்கர பரண்லர்ந்து எறக்கிடவா?"

கொடுத்த ரோஸ் மில்க்கோடு லெக்சரையும் முழுங்கிவிட்டு வந்தேன்.

மே 26, திங்கள்

சுமதியின் வாய்ஸ் மெசேஜ். விசில் சத்தம், பின்னால் த.வின் அதிகாரக் குரல்: "மூணு வந்துச்சி. ஆஃப் பண்ணு!" அப்புறம் பாபு: "சாம்பார் மேடம், சாம்பார்!"

உஸ்ஸுவைத் திருப்பிக் கேட்டேன். கிரகப்பிரவேசம் முடியாமல் இறக்கக் கூடாதாம்.

ஆனால் ஸ்கூலில் சவுக்குக் கம்பு ஏது? அங்கே பெல் அடித்தால் எதை அண்ணாந்து பார்ப்பாள்? செல்போனில் பெல் சத்தம் வைத்துப் பழகினோம். ஒரு முறை சரி, ஒரு முறை மேஜைக்கு அடியில். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

ஸ்கூல் திறக்கும் நாள். மூட்டம், மழை இல்லை. த. புது ஷூவில் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் மூவரும் கேட்டுக்கு வெளியே. பாபு முன்கூட்டியே தன் காதைப் பொத்திக்கொண்டார்.

பெல்.

சுமதி என் கையை நசுக்கினாள். உள்ளே அமைதி. பிறகு யு.கே.ஜி. ஜன்னலிலிருந்து, எனக்குத் தெரிந்த குரல்:

"உன் வேலைய பாரு!"

அடுத்த நொடி வகுப்பு மொத்தமும்: "உன் வேலைய பாரு!"

பெல் அடித்த அண்ணன் வராந்தாவில் அப்படியே நின்றார். "இன்னாம்மா இது? நான் என் வேலையத்தான பாக்குறேன்!"

ஹெச்.எம். அறையிலிருந்து வெளியே வந்தார். யு.கே.ஜி. பக்கம் பார்த்தார், பெல் அண்ணனைப் பார்த்தார், பிறகு கேட்டுக்கு வெளியே எங்களை. சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டது அந்த முகம்.

"நாளைக்கும் அனுப்புங்க" என்றார்.

சுமதி நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்.