இருநூறு வாட் அண்ணன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். ஒன்றில் வால்யூம் குமிழ் கரகரப்பு. இன்னொன்றுக்குள் பூனை மூத்திரம் போய் வைத்திருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன்.

மத்தியானம் அண்ணி ஒரு பத்திரிகையோடு வந்தாள். "பாரேன், உங்க அண்ணன் போட்டோ எவ்ளோ நல்லா வந்திருக்கு!" அண்ணன் கைகட்டி நிற்கிறார். இரண்டு பக்கமும் என் ஸ்பீக்கர் பெட்டிகள். பலகையை நானே அறுத்து, நாலு தடவை உடைத்துப்போட்டு, ஐந்தாவது தடவை சரியாக வந்த என் பெட்டிகள்! கீழே 'என் ஆறு வருட உழைப்பு' என்று அண்ணன் சொல்வதாகப் போட்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியுமா, கேட்டுப் பாருங்கள்.

அண்ணனின் ஸ்பீக்கர் கடைக்கே போய்க் கேட்டேன். "அட, நம்ம கடைதானே? யார் பேர் வந்தா என்ன இப்போ?" என்றார்.

என்னவா? இருங்க, காட்டுறேன்.

மார்ச் 5, வியாழன்

வயிறு இன்னும் எரிகிறது.

மார்ச் 9, திங்கள்

தானாக வந்து மாட்டினார் மனுஷன்.

சனிக்கிழமை ஹோட்டல் ஹாலில் ஒலிக் கண்காட்சி. என் பெட்டிகளை அங்கே பாடவைக்கப் போவதாக அண்ணன் போன் செய்தார். "உன் எட்டு வாட் ஆம்ப் டப்பாவைக் கொண்டுபோனா அங்க சிரிப்பாங்க. இருநூறு வாட் ஆம்ப் ஒண்ணு சொல்லியிருக்கேன். தூக்கவே ரெண்டு ஆள் வேணும், தெரியுமா!" அண்ணன் ஆம்பை எடை பார்த்துத்தான் மதிப்பார். கடைக்கு வருபவர்களிடம் அவருடைய முதல் பேச்சே "தூக்கிப் பாருங்க சார்" என்பதுதான்.

இருநூறு வாட் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. என் பெட்டியில் கனத்த பேஸ் ஒலிக்கு வூஃபர் தனி, கீச்சு ஒலிக்கு ட்வீட்டர் தனி என்றெல்லாம் கிடையாது. அதிர்ந்து சத்தம் எழுப்ப ஒரே ஒரு காகிதக் கோன், அதன் பின்னால் முரட்டுக் காந்தம். ஒரு வாட் கொடுத்தாலே அறை நிறையும். அந்தக் காந்தம் கோனை ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருக்கிறது. என் எட்டு வாட் ஆம்ப் பழைய கண்ணாடி வால்வு வகை; அது பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிடும், பேஸும் நன்றாக வரும். பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப் அப்படி விடாது. தன் பங்குக்கும் அமுக்கும். பேஸ் செத்துப்போகும், குரல் தகரத்தைத் தட்டுவது போலக் கத்தும். கடையில் எப்போதும் என் எட்டு வாட்டில்தான் ஓடுகிறது. அதனால் அண்ணனுக்கு இது தெரியாது.

ஒயரில் விரல் நீளத்துக்கு ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். சொல்லியிருக்கலாம்.

"எல்லாம் ஒத்துப்போகும்ல?" என்று அவரே கேட்டார்.

"அமர்க்களமா இருக்கும்ண்ணா."

சொன்ன பிறகு இரண்டு வாய் காபி குடித்தேன். அப்படி ஒரு ருசி.

மார்ச் 13, வெள்ளி

ஆம்ப் நாளைக் காலையில் நேராக ஹாலுக்கே வருகிறதாம். முன்கூட்டி ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ரொம்ப சந்தோஷம்.

ரெசிஸ்டர் இரண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு? பரிதாபத்தில் இல்லை. அவர் முழிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் என்னைத் தேடி வந்து, "நீ செஞ்சது, நீயே பாரும்மா" என்று கெஞ்ச வேண்டும். அதற்குப் பிறகு மாட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மார்ச் 14, சனி

நாற்பது நாற்காலி, நாற்பதும் நிறைந்திருந்தது. அண்ணன் பத்து நிமிடம் தன் 'உழைப்பை' அளந்துவிட்டுப் பாட்டைப் போட்டார். ஒரு பெண் குரல், கூடவே அடிச்சுருதியில் செல்லோ என்ற பெரிய வயலின். செல்லோ போன இடம் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

அண்ணன் வால்யூமைக் கூட்டினார். கத்தல்தான் கூடியது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். வேர்த்து ஊற்ற, பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினார். டக். டக். கோன் அளவு மீறிப் போய் உள்ளே இடிக்கிற சத்தம்.

எழுந்துவிட்டேன். விரல் கைப்பை ஜிப்பில் இருந்தது. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சொல்லலையே! அவன் பார்க்கட்டும், அவன் வாயால கூப்பிடட்டும்னு கல்லு மாதிரி நின்னேன்.

பார்த்தான். மைக்கை எடுத்தான்.

"எல்லாரும் மன்னிக்கணும். உண்மையைச் சொல்லிடறேன். இதை டிசைன் பண்ணது, செஞ்சது எல்லாம் என் தங்கச்சிதான். அதோ நிக்கறா பாருங்க. நான் அவளை நம்பி வச்சேன்."

பேரையும் சொன்னான். இனிஷியலோட. இருந்த தலை அத்தனையும் என் பக்கம் திரும்பிச்சு.

இதைத்தானே கேட்டேன்? சொல்லிட்டான். படுபாவி, சொல்லிட்டான்.

மார்ச் 15, ஞாயிறு

வலது கோனை விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் உரசுகிறது. போச்சு. அவன் கையாலும் என் வாயாலும்.

மார்ச் 18, புதன்

பூனைக்காரர் வந்து ஆம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதி வேலைதான் முடிந்திருந்தது. "பரவாயில்லம்மா, வேற இடத்துல பார்த்துக்கறேன்" என்றார். அவரும் அன்று ஹாலில் இருந்தாராம்.

விடமாட்டேன். அந்த இருநூறு வாட் ஆம்பைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று ஊர் முழுக்க போன் போட்டுச் சொல்லப்போகிறேன். அண்ணன் இந்த ஜென்மத்தில் இனி ஒரு ஸ்பீக்கர் விற்கக் கூடாது.

மார்ச் 19, வியாழன்

இன்னும் யாருக்கும் போடவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வயலின் டீச்சர் என்று சொல்லி ஒரு பெண் போனில் கூப்பிட்டார். அன்று கடைசி வரிசையில் இருந்தாராம்.

"சத்தத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி, முதல் ரெண்டு நிமிஷம், அந்தக் குரல்... பேஸ் இல்லதான். ஆனா அந்தப் பொண்ணு பாட மூச்சை இழுக்கறது எனக்குப் பக்கத்துல கேட்டுது. எங்கிட்ட சின்ன வால்வு ஆம்ப் இருக்கு. அதோட இது நல்லா சேரும்னு தோணுது. ஒரு ஜோடி செஞ்சு தருவீங்களா?"

சரியாகக் கேட்ட ஒரு காது! நின்றுகொண்டிருந்தவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணுதாங்க புரியல," என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பித்தான் கேட்டார். "இவ்ளோ நுணுக்கமா செஞ்சவங்களுக்கு, அந்த ஆம்ப் இதுக்கு ஆகாதுன்னு தெரியாமலா இருந்திருக்கும்? நீங்கதானே செஞ்சது?"

தெரியாது என்றால் நான் முட்டாள். தெரியும் என்றால், தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இல்லைங்க," என்றேன். "செஞ்சது எங்க அண்ணன்தான். அன்னைக்குப் பதட்டத்துல என் பேரைச் சொல்லிட்டாரு."

"ஓ, அப்படியா?" என்று அண்ணனின் கடை நம்பரைக் கேட்டார். கொடுத்தேன்.