கட்டம் போட்ட அட்டை

ஓசூர்,
2 நவம்பர் 2025.

அன்புள்ள அப்பாஸ் அண்ணனுக்கு, கந்தன் மனைவி ராஜலட்சுமி எழுதுவது.

இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் இப்போதே குளிர் தாங்க முடியவில்லை என்று உங்கள் அம்மா சொன்னார். இங்கேயும் குளிர்தான். தளி பஸ்ஸில் இறங்கி ரோஜாக் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் என் விரலெல்லாம் மரத்துவிடுகிறது. முள் குத்தினால்கூடத் தெரிவதில்லை. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். உங்களுக்குப் போன் போட்டால் மணியே அடிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. எங்கள் இரண்டு எண்களையும் நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள் என்பதை எனக்குச் சொன்னதே பாப்பாதான். பெரியப்பா ஏம்மா அப்படிச் செஞ்சாங்க என்று கேட்டாள். வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். பிறகு கிருஷ்ணகிரிக்குப் போய் உங்கள் அம்மாவிடம் இந்த முகவரியை வாங்கி வந்தேன். ஜெய்னப் அம்மா முகவரியை எழுதித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் சாப்பிடாமல் விடவில்லை.

சுடலைமுத்து அண்ணனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், என் வீட்டுக்காரருடைய ஷிப்ட்டில் வேலை செய்கிறவர், நீங்கள் போன வருடம் வந்தபோது ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஆனால் எந்த வாய் வழியாக வந்தது என்று தெரியாததால் நானும் ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

இவர் கம்பெனியில் இரும்புத் தட்டுகளை எடுத்து அடுக்குகிற அந்த இயந்திரக் கைக்கு மேலே உங்கள் இரட்டைக் கேமரா இருக்கிறது. ஆள் யாராவது கைக்கு எட்டும் தூரத்தில் வந்தால் அது பார்த்து நிறுத்த வேண்டும். வைத்த நாளிலிருந்து நிறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், கீழே விழுந்த தட்டை எடுக்கச் சுடலைமுத்து அண்ணன் குனிந்தார். கை நிற்கவில்லை. பின்னந்தலையில் அடித்துவிட்டது. அவர் எங்கோ தள்ளி நிற்பதாக அது கணக்குப் போட்டிருக்கிறது.

பராமரிப்பு வேலை பார்க்கும் கந்தன் பாதுகாப்புக் கேமராக்களைக் கழற்றினார், ஆபத்து என்று தெரிந்தே கழற்றினார் என்று கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து அந்தப் புரோகிராமை வாங்கி இங்கே மாட்டிக் கொடுத்தவர்களும், கழற்றக் கூடாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறோம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்கள். புத்தகம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கழற்றியது உண்மை. இவர் மறுக்கவே இல்லை. ஆயுத பூஜை என்றால் நம் பக்கத்தில் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? ஸ்பேனர் முதல் ஃபோர்க்லிப்ட் வரைக்கும், கழற்ற முடிந்ததைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தால்தான் பூஜை. ஊரில் இருந்த வருடமெல்லாம் நீங்களும் வந்து நின்று பொரியும் சுண்டலும் வாங்கிச் சாப்பிட்டவர்தானே. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, இரண்டு கண்ணோடு மேலே உட்கார்ந்திருக்கிற இதை மட்டும் அழுக்கோடு விட இவருக்கு மனம் வரவில்லை. அன்றைக்குக் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள் என்பதால் நானும் பாப்பாவும் பக்கத்தில்தான் நின்றோம்.

இவர் உங்களுக்கு வீடியோ கால் போட்டதை நான் பார்த்தேன். சிவப்புத் துண்டின் மேல் இரண்டு கேமராக்களும் தனித்தனியாகக் கிடந்ததை இவர் காட்டியதையும், நீங்கள் பார்த்ததையும் பார்த்தேன். திரும்ப மாட்டினால் போதுமா என்று இவர் கேட்டார். நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. “அதே ஓட்டைல போட்டு முறுக்குடா, போதும். அட்டையெல்லாம் நான் ஊருக்கு வரும்போது பாத்துக்கறேன்.” பின்னாலிருந்து யாரோ உங்களை இங்கிலீஷில் கூப்பிட்டார்கள். தங்கச்சி, எனக்கும் சேர்த்துச் சுண்டல் சாப்பிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நானும் உங்களுக்காக ஒரு கை அள்ளிச் சாப்பிட்டேன்.

அந்த அட்டை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு, நீங்கள் பிளைவுட்டில் ஒட்டியது. எங்கள் மாடி அறையில் தங்கி நீங்கள் ஆராய்ச்சி செய்த நாட்களில், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதே இவர் வேலையாக இருந்தது. சாய்த்துப் பிடி, தூக்கிப் பிடி என்று பாடாய்ப் படுத்துவீர்கள். ஒருநாள் என்னை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னீர்கள். நூல் ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் போனதே தவிரக் காதில் நுழையவில்லை. இடது கண் பார்ப்பதிலும் வலது கண் பார்ப்பதிலும் ஒரே புள்ளியைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்தால்தான் தூரம் தெரியும், அந்த ஜோடி சேர்க்கிற வேலைதான் என் படிப்பு என்றீர்கள். கல்யாணத் தரகர் வேலைக்கா இத்தனை படிப்பு என்று நான் கேட்க, நீங்கள் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டீர்கள்.

கெலவரப்பள்ளி அணைக்கு எங்களையும் கூட்டிப்போய்த் தண்ணீரைக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தப் புள்ளிக்கு எது ஜோடி என்று தெரியாமல் கேமரா திணறியது. அப்போதுதான் சொன்னீர்கள், ஒரு கேமரா மயிரிழை திரும்பினாலும் இதே கதிதான், தப்பான புள்ளியோடு ஜோடி சேர்த்துக்கொண்டு தப்பான தூரத்தைச் சொல்லும், அதனால்தான் அடிக்கடி அட்டையைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று. சொன்னவர் நீங்கள். அன்றைக்கு அவசரத்தில் மறந்தவரும் நீங்கள். மறதி யாருக்கும் வரும். அதற்காக நான் உங்களைக் கோபிக்கவில்லை.

கோபமெல்லாம் இவர்மேல்தான். போலீசில் எத்தனை முறை கூப்பிட்டுக் கேட்டும் உங்கள் பெயரை இவர் சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவில்லை, நானாகத்தான் கழற்றினேன் என்கிறார். நான் சொல்லப் போனேன். பாப்பா தலையில் என் கையை எடுத்து வைத்து, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். “நம்ம பாலிடெக்னிக்ல இருந்து அவ்வளவு தூரம் போனது அவன் ஒருத்தன்தான். அவனையும் இழுத்துக் கீழ போடணுமா?” என்கிறார். நீங்கள் உயரப் போனால் தானே போனதாக நினைக்கிற மனுஷன் இவர்.

மற்றவர்களிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். உங்களுக்கு எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போலீசுக்கு ஒரே ஒரு போன் போதும், அண்ணா. கந்தன் கேட்டான், நான்தான் மாட்டச் சொன்னேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாப்பா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி என்றே இன்னும் நினைத்திருக்கும்
ராஜலட்சுமி.


ஓசூர்,
23 நவம்பர் 2025.

அப்பாஸ் அண்ணனுக்கு,

முதல் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று தபால் ஆபீசில் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்கள். இனிமேல் கிடைக்கவில்லை என்று நினைத்து என் மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

சுடலைமுத்து அண்ணன் போய்விட்டார். கண்ணைத் திறக்காமலே போய்விட்டார். அன்று மாலையே இவரைக் கைது செய்து, இப்போது சேலம் சிறையில் வைத்திருக்கிறார்கள். தெரிந்தே செய்ததாக வழக்குப் போட்டிருப்பதால் ஜாமீன் சுலபத்தில் கிடைக்காதாம். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதில்தான் வழக்கே இருக்கிறது, கேட்டுவிட்டுத்தான் செய்தார் என்று அந்த மெஷினை உண்டாக்கியவரே சொன்னால் கேஸ் நிற்காது என்கிறார் வக்கீல். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கும்பிடாத சாமி இல்லை. ஆனால் நான் சொல்வதைப் பெண்டாட்டி சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். அன்று பேசியதற்குப் பதிவு எதுவும் இல்லை. உங்கள் வாய் ஒன்றுதான் இருக்கிறது.

ஜோதியம்மாள் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார். சுடலைமுத்து அண்ணன் மனைவி. வழியனுப்பப் போக எனக்குப் பயம். முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துப் போனேன். அவர் துப்பவில்லை, திட்டவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேட்டார். “அம்புட்டு பெரிய மனுசன் முன்னால நிக்காரு. ரெண்டு கண்ணு இருந்தும் அதுக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?” எனக்குத் தெரிந்த வரைக்கும், ஜோடி, புள்ளி, தூரம் என்று ஏதேதோ சொன்னேன். என் வாயில் அது உளறல் மாதிரிதான் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து சொல்லுவாங்களா என்றார். வருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரை நினைத்துச் சொன்னேன் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சேலம் போகும் வழியில் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் உங்கள் அப்பா எனக்காகக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை, குந்தாரப்பள்ளிச் சந்தை நாள். சந்தைக்குப் போகாமல் வந்திருந்தார். கௌஸ் மொய்தீன் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரத்தை விட்டு நான் பார்த்ததே இல்லை. கந்தனுக்குக் கொடும்மா என்று ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தந்தார். சிறையில் வெளிச்சாப்பாடு வாங்க மாட்டார்கள் என்று அவருக்குச் சொல்ல மனமில்லாமல் வாங்கிக்கொண்டேன். வாயைத் திறந்தால் அங்கே பல்கலைக்கழக வேலை போய்விடும் என்று நீங்கள் சொன்னீர்களாம். வேலை போனால் வேறு வேலை தேடலாம், கந்தன் மாதிரி ஒருத்தனை எங்கே போய்த் தேடுவான் என்று சொல்லிவிட்டு அழுதார். பஸ் நிலையத்தில் அத்தனை பேர் நடுவில் அழுதார், அண்ணா.

உங்களுக்கும் பயம் இருக்கும். எனக்குப் புரியாமல் இல்லை. கண்காணாத தேசத்தில், பாதிப் படிப்பில், பெரிய கம்பெனி வக்கீல்களுக்கு நடுவில் தனியாக நிற்கிறீர்கள். ஆனால் நீங்கள் பயப்படுவதற்கு ஒரு அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, சாவி உங்கள் கையில் இருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். உங்கள் பெயரை இழுக்காதே என்று சத்தியம் வாங்கியவர், ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருந்து முதலில் கேட்பது பாப்பாவை அல்ல, என்னை அல்ல. “அப்பாஸ் ஏதாவது பேசுனானா?” என்றுதான் கேட்கிறார். போன முறை எனக்குத் தாங்கவில்லை. பேசினார், உங்களை ரொம்ப விசாரித்தார் என்று பொய் சொல்லிவிட்டேன். முகம் அப்படி மலர்ந்துவிட்டது. எனக்குத் தெரியும், அவன் பேசாம இருக்க மாட்டான் என்று பக்கத்தில் நின்ற காவலரிடம்கூடச் சொன்னார். வெளியே வந்து சிறை வாசலில் உட்கார்ந்து நான் அழுத அழுகை, என் எதிரிகூட அழக் கூடாது.

அட்டையில் பாப்பா சோடா மூடிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கட்டமெல்லாம் கிரேயான் கிறுக்கல். நேற்று ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்து, மாடி அறையில் நீங்கள் வைத்திருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டேன். பாப்பா கேட்டாள், பெரியப்பா வரப் போறாங்களா என்று.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். படித்து முடித்துப் பெரிய ஆளாக வர வேண்டும், உங்கள் அல்லாவும் எங்கள் சாமியும் உங்களுக்குக் குறை வைக்காமல் இருக்க வேண்டும். இதை நான் மனதறிந்துதான் எழுதுகிறேன். வேறு விதமாக எழுதவும் வார்த்தை இருந்தது, அதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் சேலம் போகிறேன். அவர் கேட்பார். இரண்டாவது முறை பொய் சொல்ல என்னால் முடியாது, அண்ணா. ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்கள். வாருங்கள்.

ராஜலட்சுமி.