பேச விடப்படாத மன்னன் கதை

30.01.1993, சனிக்கிழமை, மிச்சம், லண்டன்.

தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு என் மகள் இங்கிலாந்தின் முதலாம் சார்ள்ஸ் மன்னனின் விசாரணையைத் தேர்ந்திருந்தாள். ஆள்பவனையும் மக்கள் விசாரிக்கலாம் என்பது அவளது முடிவுரை. அவள் மேடையேறுமுன் நிர்வாகி என்னைத் தனியே அழைத்தார்.

"மாஸ்டர், ராசாவை வெட்டின கதை இஞ்ச வேண்டாம். ஆக்கள் எங்கட இயக்கத் தலைவரை நினைப்பினம்."

"முந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவனுக்குமோ பயம்?"

"செத்தவனுக்கில்லை, இருக்கிறவைக்குத்தான்" என்று சிரித்தார்.

நடுவராக இருந்த சிவம் என்னோடு பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். அவனைப் பார்த்தேன்.

"பிள்ளை பொங்கலைப் பற்றிப் பேசட்டும் மச்சான்" என்றான்.

மகள் மறுத்துவிட்டாள். அவளது பெயரை நீக்கினார்கள்.

தலையை வெட்டுமுன் அந்த மன்னனைக்கூடப் பேச விட்டார்கள்.

சிவம் நாளை சாப்பிட வருவதாக இருந்தான். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.