சீசன் தண்ணீர்

1975 ஜனவரி 7, செவ்வாய்

பனி. பத்து மணி வரைக்கும் மலை தெரியவில்லை. போடி முழுக்கக் காபிப் பழ வாசம். நல்ல விளைச்சல். மலையில் எங்கள் எஸ்டேட்டில் தம்பி தங்கராஜ் ராப்பகலாகப் பல்ப்பர் ஓட்டுகிறானாம். பழத்தோல் உரிக்கிற அந்த மெஷின் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடே இறங்கும்.

வாங்க: சீயக்காய், மண்ணெண்ணெய், பேரனுக்கு ஓமத் தண்ணீர்.

மருமகள் செல்வி இன்றும் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. இடுப்பில் குடத்தோடு மூன்று தெரு தாண்டிக் கிணற்றுக்கு. தெருவே வேடிக்கை பார்க்கிறது. கேட்டால், "தண்ணில பழம் புளிச்ச வாடை அடிக்குது அத்தே. வாயில வச்சாக் கொமட்டுது." கல்யாணமாகி வந்த நாளாக நான் இதைத்தான் குடிக்கிறேன். எனக்கு ஒரு வாடையும் இல்லை. வடுகபட்டிக்காரிக்கு வாய்தான் நீளம் என்று நினைத்தேன், மூக்கும் நீளம்.

ஜனவரி 9, வியாழன்

பேரனுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. கேப்பைக் கஞ்சி நான் காய்ச்சியதுதான், குழாய்த் தண்ணீரில். டாக்டர் சொன்னது: "தண்ணிய மாத்திப் பாருங்கம்மா."

எதிர்வீட்டு அக்காவுக்குக் காரணம் தெரியுமாம்: "பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டுறாக. அந்த வாடைதான்." தண்ணீர்த் தொட்டிக்காரர் வழியில் போனார், அவரைப் பிடித்தேன். "வாடை அடிக்குதுன்னு சொன்னாக, அதான் கூடப் போடுறோம்மா" என்றார். நல்லாயிருக்கு கதை.

சாயங்காலம் பெரிய சண்டை. செல்வி: "பயலத் தூக்கிட்டு எங்க ஊருக்குப் போறேன். காபி சீசன் முடிஞ்சு வாரேன்." மகன் ஜெயசீலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் கத்தினேன்: "இந்த வீட்டுப் பிள்ள இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சுத்தான் வளரும்!" அவள் உள்ளே அழுதாள். நான் அடுப்படியில் அழுதேன். அந்தப் பயலைத் தூக்காமல் எனக்கு ஒரு பொழுது போகாது, அது அவளுக்குத் தெரியாதா? ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறான் மகன்.

ஜனவரி 11, சனி

ஜீப்பில் மலைக்குப் போனேன். சும்மா இல்லை. ஓடை சுத்தமாகத்தான் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்து, செல்வி முகத்தில் சொல்லத்தான்.

மெஷின் கொட்டகைக்கு மேலே ஓடையில் இறங்கினேன். கல்லைப் புரட்டினால் நண்டு. பொடி மீன். வாலோடு தவளைக்குஞ்சு. சந்தோஷமாகக் கீழே வந்தேன். பழம் கழுவின தண்ணீர் நம் கொட்டகையிலிருந்து விழுகிற இடம் தாண்டினதும் எல்லாம் மாறிவிட்டது. கல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் ஏதோ சடை பிடித்துக் கிடக்கிறது. தொட்டால் கொழகொழ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நண்டு இல்லை. கொஞ்சம் கீழே அடுத்த எஸ்டேட்டின் கழிவு சேருகிறது. அதற்கும் கீழே இன்னொன்று. அப்புறம் ஆறு. அப்புறம் போடி. அப்புறம் எங்கள் வீட்டு அண்டா.

தங்கராஜிடம் கேட்டேன். "ஓடையில விட்டா ஓடிப்போயிரும்க்கா. அப்பா காலத்துல இருந்து இப்பிடித்தான."

"அப்பா காலத்துல மலையில எத்தன மெஷினு இருந்துச்சுலே?"

"ஊரே இந்தக் காபியிலதான் சோறு திங்குது. ரெண்டு மாசம் வாடை அடிச்சா என்ன கெட்டுப்போச்சு?"

உண்மைதானே. நகைக்கடை, ஜீப், கோயில் கூரை, டாக்டர் பீஸ் எல்லாமே காபி. ஊருக்குச் சோறு போடுவதும் இதே ஓடை, ஊர் குடிப்பதும் இதே ஓடை. ஆனாலும் கேட்டேன்: "ஊருன்னா அதுல நம்ம பயலும் இருக்கான்ல?"

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பறித்த பழம் தோலோடு களத்தில் காயட்டும். விலை இறங்கும், இறங்கட்டும். கழிவுத் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் மண்ணில் இறங்கப் படிப்படியாகக் குழி வெட்ட வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே இடம் தங்கராஜ் போன மழைக்கு வைத்த ஏலக்காய்ப் பாத்தி. அவன் காபி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

செல்வியிடம் சொன்னதும், "நெசமாவா அத்தே?" கட்டி வைத்த பையை அவிழ்த்துவிட்டாள். பயலை என் மடியில் போட்டாள்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து மற்ற இரண்டு எஸ்டேட்காரர்களையும் வாசலில் நிறுத்திப் பேசினேன். ஒருத்தர், "ஒங்க எடத்துல நீங்க வெட்டுங்க தாயி. எங்களுக்கு எடம் ஏது?" இன்னொருத்தர் சம்சாரம், "எங்களுக்கு ஒண்ணும் வாடை தெரியலையேக்கா." நான் செல்வியிடம் சொன்ன அதே பேச்சு, அதே இழுவை. கோபப்படவும் முடியவில்லை.

ஜனவரி 15, புதன்

முதல் குழி வெட்டியாயிற்று என்று தங்கராஜ் ஆள் விட்டுச் சொன்னான். பாத்தியில் பாதியைக் காப்பாற்றிவிட்டானாம். கெட்டிக்காரன்.

பயல் தேவலை. கிணற்றுத் தண்ணீர்தான் கொடுக்கிறோம். ஆனால் கிணறும் அடி தட்டுகிறது, வாளியில் மண் வருகிறதாம்.

நாளை தேவதானப்பட்டியில் சித்தப்பா பேத்தி கல்யாணம். மூன்று நாள். மலைக்குப் போவதைத் தவிர, சீசனில் நான் போடியை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 18, சனி

மத்தியானம் பஸ். வெயில். ஊர் எல்லை தாண்டும்போதே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். பக்கத்தில் யாரும் பொத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாகம். குழாய்த் தண்ணீர் ஒரு செம்பு. வாயில் வைத்தேன், இறங்கவில்லை. முற்றத்தில் துப்பினேன். புளித்த பழம். அப்படியே புளித்த பழம். கடவுளே, இதையா இத்தனை வருஷம்.

செல்வி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிணறு நேற்றோடு வற்றிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

ஜெயசீலன்: "நாமதான் குழி வெட்டிட்டோமேம்மா?"

"நாம மட்டுந்தானலே வெட்டிருக்கோம்."

பயல் சட்டை, துணி, கிலுகிலுப்பை, எல்லாம் நானே மடித்துப் பையில் வைத்தேன். "கெளம்பு தாயி. கடைசி மெஷின் நிக்கிற வரைக்கும் இங்கன வராத." போகிறேன் போகிறேன் என்று அடம்பிடித்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பயல் சிரித்துக்கொண்டே போனான், அவனுக்கு பஸ் என்றால் போதும்.

ஆறு மணி. குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், சத்தம் கேட்கிறது. அண்டா வைக்கவில்லை. போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன்.