ரவுண்டு பண்ணினால் மார்க் இல்லை

வியாழன், இரவு

திங்கட்கிழமை பி.யு. கணக்குத் தேர்வு, பிளஸ் டூவுக்குச் சமம். போன முறை இதில்தான் கோட்டைவிட்டேன். வளையல் கடைக்காரிக்கு இது எதற்கு என்று எங்கள் நீலசந்திரா ஏரியாவே கேட்கிறது. எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மாலையில் கடையில் கூட்டம் இல்லை. மகள் பிரியா காஸ் 150 டிகிரியின் மதிப்பு கேட்டாள். "மைனஸ் 0.87" என்றேன்.

"அம்மா, துல்லியமான மதிப்பு கேட்டா ரவுண்டு பண்ணக் கூடாது. மார்க் போச்சு."

"0.866-ஐ 0.87 ஆக்குனா யாருடி சண்டைக்கு வருவா? கடையில தினமும் அதானே பண்றேன்."

"பேப்பர் திருத்தறவங்க உன் கஸ்டமர் இல்லம்மா."

ரோஷம் வந்துவிட்டது. பெரிய வளையல் ஒன்றை அட்டைமேல் வைத்து வட்டம் வரைந்தேன். ஆரம் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. 30 டிகிரிப் புள்ளியை அப்படியே இடப்பக்கம் புரட்டினால் 150. உயரம் அதே அரை. பக்கவாட்டுத் தூரம் ரூட் மூன்று பை இரண்டு. இடப்பக்கம் என்பதால் மைனஸ். ரூட்டைத் தசமமாக உடைக்காமல் விட்டேன். கை துறுதுறுத்தது, ஆனாலும் விட்டேன்.

"சூப்பர்ம்மா! அப்போ 210?"

அதற்குள் கஸ்டமர் வந்துவிட்டார். இப்போது படுக்கையில்தான் பிடிபட்டது. 150-ஐக் கீழே புரட்டினால் 210. காஸ் மாறாது, சைன் மைனஸ் அரை! பிரியா தூங்கிவிட்டாள். எழுப்பிச் சொன்னால் திட்டுவாள். திட்டட்டும், எழுப்புகிறேன்.